கொள்ளு வாசிக்கும் ரத்தம்

ரத்த வங்கிகளில் பணியாற்றும் ஆய்வக நுட்புநர்களுக்கு ஒரு திறந்த மடல்



ரத்த வங்கியின் ஃபிரிட்ஜைத் திறந்தால் நீல நிற ஆன்ட்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்ட்டி-பி, நிறமற்ற ஆன்ட்டி-டி குப்பிகள் முன்வரிசையில் நிற்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு மூலையில் இன்னும் இரண்டு சிறு குப்பிகள் இருக்கும். ஒன்று ஆன்ட்டி-ஏ1 லெக்டின், மற்றது ஆன்ட்டி-எச் லெக்டின். முன்வரிசைக் குப்பிகள் நாள் முழுக்கக் கைமாறும். பின்னால் இருப்பவை ஏதாவது சிக்கல் வந்தால்தான் வெளியே வரும். இந்த மடல் அந்த இரண்டு குப்பிகளுக்காக எழுதப்படுகிறது. அவற்றுக்குள் இருக்கும் புரதங்கள் செய்யும் வேலையைத்தான் காலராவின் நஞ்சும், காய்ச்சல் வைரஸும், நம் கல்லீரலும், ரத்தக்குழாயின் உட்சுவரும் செய்கின்றன. சர்க்கரையைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த வேலை. நோய் பற்றிய இன்றைய ஆராய்ச்சியில் ஒரு பகுதி உங்கள் மேசையில் நடக்கும் ஒரு நிமிடச் சோதனையிலிருந்து கிளைத்தது என்பது உங்களில் பலருக்குச் சொல்லப்படாமலே போயிருக்கிறது.

ஆன்ட்டி-ஏ1 குப்பியின் லேபிளில் டாலிகஸ் பைஃப்ளோரஸ் என்று அச்சிட்டிருக்கும். அது கொள்ளு. ரசமாகவும் துவையலாகவும் நம் வீடுகளில் புழங்கும் அதே கொள்ளுதான். அதன் விதைச் சாறு ஏ வகை ரத்தத்தை ஏ1, ஏ2 என இரண்டாகப் பிரித்துக் காட்டும் என்று 1951-இல் கண்டு சொன்னவர் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட். அப்போது அவர் பூனாவில் ராணுவ மருத்துவப் பணியில் இருந்தார். கட்டுரை வந்தது பெங்களூரிலிருந்து வெளியாகும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில். உலகெங்கும் ரத்த வங்கிகள் இன்றும் கைக்கொள்ளும் ஒரு ரீஜென்ட் இந்திய மண்ணில், இந்திய மானாவாரிப் பயறு ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள உங்களைவிட உரிமையுள்ளவர்கள் யாரும் இல்லை.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். டியூபில் ஒரு சொட்டு லெக்டின், ஒரு சொட்டு நீர்த்த சிவப்பணுக் கலவை. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு. டியூபைச் சாய்த்து மெல்லத் தட்டும்போது ஏ2 அணுக்கள் கலங்கிப் பரவிவிடும். ஏ1 அணுக்களோ ஒரே கட்டியாகப் பெயர்ந்து வரும். கொள்ளுப் புரதத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் சர்க்கரை பொருந்தும் பள்ளங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஒரு பள்ளம் இந்த அணுவின் சர்க்கரையையும் இன்னொன்று அடுத்த அணுவின் சர்க்கரையையும் பற்றிக்கொள்ள, அணுக்கள் பிணைந்து திரள்கின்றன. அந்தச் சர்க்கரையின் பெயர் என்-அசிட்டைல் கேலக்டோசமைன். ஆராய்ச்சிக்கூடங்களில் சுருக்கமாக ‘கால்நாக்’ என்பார்கள். ஏ1 சிவப்பணு ஒன்றின் மேல் இந்தச் சர்க்கரையை நுனியில் தாங்கிய இடங்கள் ஏறத்தாழ பத்து லட்சம். ஏ2 அணுவில் அதில் கால் பங்கு அளவே. சாற்றைச் சரியான அளவில் நீர்த்தால் ஏ1 மட்டும் திரளும். கால்நாக் என்ற பெயரை நினைவில் வையுங்கள். கல்லீரலில் அது மறுபடி வரும்.

லெக்டின்களின் வரலாறு ஆமணக்கில் தொடங்குகிறது. 1888-இல், இன்று எஸ்டோனியாவில் தார்த்து என்று வழங்கும் டோர்பாட் நகரில், ஸ்டில்மார்க் என்ற ஆராய்ச்சி மாணவர் ஆமணக்கு விதையின் நச்சுப் புரதம் சிவப்பணுக்களைத் திரட்டுவதைக் கண்டார். அதுதான் ரிசின். சிறிது காலத்தில் குன்றிமணியிலும் அப்படியொரு புரதம் கிடைத்தது. பால் எர்லிக் இவ்விரண்டையும் எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, உடல் எதிர்ப்பாற்றலை எப்படி வளர்த்துக்கொள்கிறது என்பதற்கான அடிப்படைகளை வகுத்தார். 1940-களில் ஹெல்சிங்கியில் ரென்கோனனும், பாஸ்டனில் வில்லியம் பாய்டும் சில விதைகள் குறிப்பிட்ட ரத்த வகையை மட்டும் திரட்டும் என்று தனித்தனியே கண்டார்கள். பாய்ட் கடையில் வாங்கிவரச் சொன்ன உலர்ந்த லைமா அவரையில்தான் அது அவர் கண்ணில் பட்டது. லெக்டின் என்ற பெயரை 1954-இல் சூட்டியவர்கள் அவரும் எலிசபெத் ஷேப்லியும்.

ஏபிஓ ரத்த வகை என்பதே சர்க்கரைதான் என்று உலகுக்குத் தெரியவந்ததும் இப்படி ஒரு சோதனையால்தான். 1952-இல் லண்டனில் வினிஃப்ரெட் வாட்கின்ஸும் மார்கனும் விலாங்கு மீனின் சீரத்தை எடுத்துக்கொண்டார்கள். அது ஓ வகை அணுக்களைத் திரட்டும். அதில் ஒவ்வொரு எளிய சர்க்கரையாகக் கலந்து பார்த்தபோது ஃபியூகோஸ் கலந்த டியூபில் திரள்வது தடைபட்டது. மீன் புரதம் தேடியது ஃபியூகோஸைத்தான் என்பது உறுதியாயிற்று. அந்த ஃபியூகோஸ் உள்ள அடித்தளம்தான் எச் ஆன்டிஜென். அதன் மேல் கால்நாக் ஏறினால் ஏ வகை. கேலக்டோஸ் ஏறினால் பி வகை. ஒன்றும் ஏறாவிட்டால் ஓ.

அடித்தளமே இல்லாதவர்களும் உண்டு என்று பம்பாயில் பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா உள்ளிட்டோர் ‘லான்செட்’ இதழில் அறிவித்தது அதே 1952-இல். அதுதான் பாம்பே வகை. எச் சர்க்கரையை ஒட்டவைக்கும் நொதிக்கான மரபணு இரு பிரதியிலும் பழுதாக இருப்பவர்கள் இவர்கள். இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர் என்று கணக்குச் சொல்வது வழக்கம். ஐரோப்பாவில் இவர்கள் மிக மிக அரிது. முன்பக்க குரூப்பிங்கில் இவர்கள் அச்சு அசல் ஓ வகையாகவே தெரிவார்கள். ஆனால் இவர்கள் சீரத்தில் உடல் வெப்பத்திலேயே வேகமாக வேலை செய்யும் ஆன்ட்டி-எச் இருக்கிறது. ஓ வகை ரத்தத்தை ஏற்றினால் அத்தனை அணுவையும் அது உடைக்கும். இங்கேதான் உங்கள் இரண்டாவது குப்பி தேவைப்படுகிறது. ஆன்ட்டி-எச் லெக்டின் கிடைப்பது யூலெக்ஸ் யூரோப்பியஸ் என்ற முட்புதரின் விதையிலிருந்து. ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து உதகையில் நட்ட மஞ்சள் பூப் புதர் அது. இன்று நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளை ஆக்கிரமித்துக்கொண்டு வனத்துறையை அல்லல்படுத்துகிறது. ஓ வகை அணுக்களை அது பலமாகத் திரட்டும். பாம்பே வகை அணுக்களில் ஒன்றும் நடக்காது.

இந்தப் பாம்பே வகை நோயியலுக்குத் திறந்துவிட்ட ஒரு கதவைப் பலரும் அறிவதில்லை. 1992-இல் இஸ்ரேல் மருத்துவர்கள் இரு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். அடிக்கடி நிமோனியா, தோலில் தொற்று, ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை எக்கச்சக்கம். ஆனால் புண்ணில் சீழ் மட்டும் கட்டுவதில்லை. வெள்ளையணுக்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருந்தன, குழாயை விட்டு வெளியேற முடியவில்லை. மருத்துவர்களுக்கு வழிகாட்டிய முக்கியத் தடயம் ரத்த வகைச் சோதனையில் கிடைத்தது. இருவரும் பாம்பே வகை. சாதாரணப் பாம்பே வகையினருக்கு எச் ஃபியூகோஸ் மட்டும்தான் இல்லை, மற்றபடி ஆரோக்கியமானவர்கள். இந்தச் சிறுவர்களின் செல்களிலோ ஃபியூகோஸ் போய்ச் சேரவேண்டிய அறைக்கே போகவில்லை. எங்குமே ஃபியூகோஸ் இல்லை.

அதனால் என்ன? நம் ரத்தக்குழாயின் உட்சுவரில் செலக்டின் என்ற லெக்டின்கள் இருக்கின்றன. தொற்று ஏற்பட்ட இடத்தில் அவை மேலெழுந்து, பாய்ந்தோடும் வெள்ளையணுவின் மேலுள்ள ஃபியூகோஸ் கொண்ட சர்க்கரையைப் பற்றும், விடும், மீண்டும் பற்றும். வேகம் குறைந்து உருண்டுவரும் வெள்ளையணு பிறகு நின்று, சுவரைத் துளைத்துப் புண்ணை அடையும். பற்றுவதற்கு ஃபியூகோஸ் இல்லாவிட்டால் அது நிற்காமல் ஓடிவிடும். பின்னாளில் இதே குறையுள்ள ஒரு குழந்தைக்கு ஃபியூகோஸை வாய்வழியாகக் கொடுத்தபோது தொற்றுகள் அடங்கின. வேறு சில குழந்தைகளுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. மரபணுப் பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

செலக்டின் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை நீலகிரிக்காரர்களிடம் கேட்கலாம். இந்தியாவில் அரிவாள்செல் மரபை முதன்முதலில் பதிவு செய்தவர்கள் லேமனும் கட்புஷும். இடம் நீலகிரிப் பழங்குடியினர் குடியிருப்புகள், ஆண்டு அதே 1952. வளைந்த சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குழாயின் உட்சுவரில் ஒட்டி அடைத்துக்கொள்ளும்போது எலும்பைப் பிளப்பது போன்ற வலி வருகிறது. அப்படி ஒட்டவைப்பதில் பி-செலக்டினுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறிக்கும் கிரிசான்லிசுமாப் என்ற மருந்து, ஆண்டுக்கு மூன்று முறை அளவில் வந்துகொண்டிருந்த வலி நெருக்கடியை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அடுத்து நடந்த பெரிய ஆய்வில் போலி மருந்தைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. 2023-இல் ஐரோப்பா அனுமதியைத் திரும்பப் பெற்றது. இது வருத்தமான செய்திதான். அதற்காகக் கைவிடக்கூடிய பாதை அல்ல இது. நீலகிரியிலும் மத்திய இந்தியாவிலும் வலியோடு விழித்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல மருந்து வேண்டும்.

நம் உடலின் சர்க்கரையைக் கிருமிகளும் வாசிக்கின்றன. இந்தக் கதையின் முதல் சோதனையும் உங்கள் துறையுடையதே. 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட், இன்ஃப்ளூயன்சா வைரஸ் கோழியின் சிவப்பணுக்களைத் திரட்டுவதைக் கண்டார். வைரஸின் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் ஒரு லெக்டின்; அது பிடிப்பது சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை. பறவைக் குடலில் இந்தச் சர்க்கரை ஒரு கோணத்தில் இணைந்திருக்கிறது. மனிதரின் மேல் சுவாசப் பாதையில் பெரும்பாலும் வேறொரு கோணத்தில். எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தாவாமல் இருப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். வைரஸ் கோணம் மாறிப் பழகிவிட்டதா என்றுதான் உலகெங்கும் கண்காணிப்பு ஆய்வகங்கள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

காலராவில் இன்னும் நெருக்கமான இந்தியக் கதை உண்டு. 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே முயலின் குடல் வளையத்தில், கிருமி நீக்கிய வடிநீரை மட்டும் செலுத்திக் காலரா ஒரு நஞ்சின் வேலை என்று நிறுவினார். அந்த நஞ்சின் ஐந்து துணை அலகுகள் குடல் செல்லின் ஜிஎம்1 என்ற சர்க்கரைக் கொழுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, ஆறாவது பகுதி உள்ளே நுழைந்து நீரை வெளியே கொட்டவைக்கிறது. ஓ வகை ரத்தம் உள்ளவர்களுக்குக் காலரா கடுமையாக வருவதை வங்கதேச ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டெங்குவில் கதை தலைகீழாகிறது. வைரஸின் மேல் சர்க்கரை, அதைப் பிடிப்பது நம் எதிர்ப்பணுவின் லெக்டின். டிசி-சைன் என்ற அந்தப் புரதம் கிருமியைப் பிடித்துக் காட்டிக்கொடுக்க உதவுவது. வைரஸ் அதையே நுழைவாயிலாக்கிக்கொண்டது.

நிலக்கடலைக்கு வருவோம். இது உங்கள் அன்றாட வேலையைத் தொடும் விஷயம். நிமோகாக்கஸ், கிளாஸ்ட்ரிடியம் போன்ற சில பாக்டீரியாக்கள் சிவப்பணுவின் மேலுள்ள சியாலிக் அமிலத்தை வெட்டி எறியும் நொதியைச் சுரக்கின்றன. வெட்டுப்பட்டதும் அடியில் மறைந்திருந்த டீ ஆன்டிஜென் (ஆர்ஹெச் டி அல்ல, ஆங்கிலப் பெரிய எழுத்து T) வெளியே தெரிகிறது. பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோருடைய சீரத்திலும் இதற்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே இருப்பதால் அப்படிப்பட்ட அணுக்கள் ஏறக்குறைய எந்தப் பெரியவரின் சீரத்தோடும் திரளும். மனித சீரம் கொண்டு குரூப்பிங் செய்த காலத்தில் இது உடனே கண்ணில் பட்டுவிடும். மோனோகுளோனல் ரீஜென்ட் வந்தபின் கண்ணில் படாமலே போகிறது. நிமோனியாவோடு சிறுநீரகமும் செயலிழந்து வரும் குழந்தையிடம் இது முக்கியம். வெளிப்பட்ட இந்த ஆன்டிஜெனை நிலக்கடலை லெக்டின் பிடிக்கும் என்பதால், அது கையில் இருந்தால் ஒரு டியூபில் தெரிந்துவிடும். இதே ஆன்டிஜென் பல புற்றுநோய்ச் செல்களின் மேலும் மூடாமல் தெரிவதால் நிலக்கடலை லெக்டின் நோயியல் ஆய்வகங்களுக்கும் போயிற்று. அதன் முப்பரிமாண அமைப்பை 1994-இல் வெளியிட்டவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழுவினர். நான்கு துணை அலகுகளும் எதிர்பார்த்த சமச்சீர் இல்லாமல் சேர்ந்திருந்ததைக் கண்டு உலகின் படிகவியலாளர்கள் வியந்தார்கள். இரண்டே ஆண்டில் பலாக்கொட்டையின் லெக்டினான ஜாக்கலினின் அமைப்பையும் அக்குழு கண்டறிந்து காட்டியது. இன்னொரு பருப்பும் இப்படி நோயறிதலுக்கு வந்திருக்கிறது: ஈரல் புற்றுநோய்க்கான ஏஎஃப்பி-எல்3 என்ற ரத்தச் சோதனையில் அளக்கப்படுவது, ஏஎஃப்பி என்ற புரதத்தில் மசூர்ப் பருப்பின் லெக்டின் பிடித்துக்கொள்ளும் பங்குதான்.

இனி கால்நாக். ரத்தப் புரதங்களின் நுனியிலிருக்கும் சியாலிக் அமிலத்தை நீக்கிவிட்டு முயலுக்குச் செலுத்தினால் அவை சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மறைந்துபோவதை கில்பர்ட் ஆஷ்வெல்லும் அனடோல் மோரெலும் 1960-களில் கவனித்தார்கள். அவை போய்ச் சேர்ந்த இடம் கல்லீரல். அங்கே வெளிப்பட்ட கேலக்டோஸைப் பிடித்து உள்ளிழுக்கும் லெக்டின் ஒன்று இருந்தது. பாலூட்டிகளிடம் கண்டறியப்பட்ட முதல் லெக்டின் அதுதான். கேலக்டோஸைவிடக் கால்நாக்கை அது இன்னும் விருப்பத்தோடு பிடிக்கும். அரை நூற்றாண்டு கழித்து மருந்து வேதியியலாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ துண்டின் வாலில் மூன்று கால்நாக் ஒட்டித் தோலடியில் ஊசி போட்டால் மருந்து நேரே கல்லீரல் செல்லுக்குள் போகிறது. இன்க்ளிசிரான் அப்படி உருவானது. முதல் ஊசி, மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று; கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஏ வகையை ஏ வகை ஆக்குவதும், கொள்ளுச் சாறு தேடுவதும், இந்த மருந்துக்கு வழி காட்டுவதும் ஒரே சர்க்கரை.

எல்லா முயற்சியும் இப்படிப் பலிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ-கோலி, சிறுநீர்ப்பையின் மேனோஸைப் பிடித்துத்தான் ஒட்டுகிறது. ஆகவே மேனோஸ் பொடியைக் குடித்தால் கிருமி ஏமாந்து கழுவிப்போகும் என்று விற்பனை களைகட்டியது. 2024-இல் பிரிட்டனில் ஏறத்தாழ 600 பெண்களிடம் நடந்த ஆய்வில், தொற்று மீண்டும் வருவதை அது குறைக்கவில்லை. கடையில் அதை வாங்க நிற்பவர்களுக்கு இது தெரியவேண்டும்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்பார்கள். “லெக்டின் விஷமாமே, பயறே சாப்பிடக்கூடாதாமே?” என்று உறவினர்கள் செல்போனை நீட்டுவார்கள். பச்சை ராஜ்மாவைத் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், அது உண்மை. ஊறவைத்து, நீரை மாற்றி, நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்த லெக்டின் செயலிழக்கும். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைப்பதுதான் ஆபத்து. குக்கரில் வெந்த கொள்ளைக் கண்டு பயப்பட எதுவும் இல்லை. இதைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டு, ஏனென்றால் லெக்டின் வேலை செய்வதை டியூபில் கண்ணால் பார்ப்பவர்கள் நீங்கள்.

மேலே படிக்க விரும்புவோருக்கு ஒரு தகவல். சர்க்கரை உயிரியலின் அடிப்படைப் பாடநூலான ‘எசென்ஷியல்ஸ் ஆஃப் கிளைக்கோபயாலஜி’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் முதன்மைத் தொகுப்பாளர் அஜித் வார்க்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் படித்தவர். மற்ற பாலூட்டிகள் பலவற்றில் இருக்கும் ஒரு சியாலிக் அமில வகையை மனித இனம் இழந்துவிட்டதையும், அதனால் மலேரியா முதலான நோய்களில் நாம் குரங்கினங்களிலிருந்து வேறுபடுவதையும் ஆராய்ந்தவர் அவர்.

கடைசியாக, சில வேண்டுகோள்கள். நோயாளியின் ரத்தத்தை ஸ்லைடில் முன்பக்கம் மட்டும் பார்த்து ‘ஓ’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ரிவர்ஸ் குரூப்பிங் செய்யுங்கள், அதில் ஓ அணுக்களையும் சேருங்கள். ஓ அணுக்களும் திரண்டால், அல்லது எந்த ஓ பையும் கிராஸ்மேட்சில் ஒத்துவராவிட்டால், ஆன்ட்டி-எச் குப்பியை எடுங்கள். அந்தக் குப்பிக்கும் முன்வரிசைக்குரிய மரியாதையைக் கொடுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல் வையுங்கள். ஓ அணுவோடு பலமாகவும் ஏ1பி அணுவோடு மங்கலாகவும் திரளவேண்டும். ஆன்ட்டி-ஏ1 ஏ2 அணுக்களைத் திரட்டினால் அந்த நாளின் முடிவுகளை நம்பாதீர்கள்.

ஒருவரிடம் பாம்பே வகையை உறுதிசெய்தால், எழுத்தில் அட்டையாகக் கொடுங்கள். ‘ஓ’ என்று அச்சிட்ட பழைய அட்டையை வாங்கி அடித்துவிடுங்கள். அவருடைய அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளைச் சோதனைக்கு வரச் சொல்லுங்கள். பெற்றோர் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்பதால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. குடும்பத்திலேயே இன்னொருவர் கிடைத்துவிட்டால், இவருடைய பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ ரத்தம் தேடி நள்ளிரவில் வெளிமாநிலங்களுக்குப் போன் போட வேண்டியிருக்காது.